சரவுண்ட் ஒலிப்பதிவில் சனல்களை ஒழுங்குசெய்தல்: திருகோணமலைக் கரையிலிருந்து சில குறிப்புகள்

கேட்பவரைச் சுற்றிலும் ஸ்பீக்கர்களை வைத்து ஒலிக்கச்செய்யும் சரவுண்ட் ஒலிப்பதிவுக் கருவியின் முன் முதன்முறையாக உட்காருகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: எந்தச் சனலையும் (ஒலியின் தனித் தடத்தையும்) தனியே எடுத்து அழகுபடுத்த முற்படாதீர்கள். பாடல் கலவையில் பழகிய கை, ஒரு சனலில் இரைச்சல் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் அதை மட்டும் இறக்கும். இன்னொன்றில் கனம் போதாதென்று தோன்றினால் அதற்கு மட்டும் ஏற்றும். குரலும் மிருதங்கமும் தனித்தனி மைக்கில் வந்து சேரும்போது அப்படிச் செய்வது முறைதான். ஒரே இடத்தில் நின்று நாலாபுறமும் கேட்கும் மைக்கிலிருந்து வரும் சனல்கள் அவ்வாறு பிரிந்து நிற்பவையல்ல. அவற்றுக்கிடையே உள்ள மட்ட வேறுபாடும் நேர வேறுபாடுமே கேட்பவரைச் சுற்றி ஓர் இடத்தை எழுப்புகின்றன. ஒன்றில் மட்டும் கை வைத்தால் அந்த இடம் சரிந்துவிடும். இங்கே நான் எழுதப்போவது முழுவதும் அந்த வேறுபாடுகளைக் குலையாமல் காக்கும் அமைப்புகளைப் பற்றியே.

திருகோணமலை இத்தகைய பதிவுக்கென்றே வாய்த்த ஊர் என்பது என் உறுதியான எண்ணம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் கடல் காலடிக்குக் கீழே ஒலிக்கிறது. உட்துறைமுகத்தின் ஓரத்தில் அதே கடல் அலையின்றி அடங்கிக் கிடக்கிறது. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை நீளும் கரையில் அது எதிரே ஒரு நெடுங்கோடாக விரிய, அலை உடையும் ஒலி இடக்கோடியில் தொடங்கி வலக்கோடிவரை ஓடுவதைக் காதாலேயே பின்தொடரலாம். திருவிழாக் காலத்தில் மேளம் உள்வீதியிலிருந்து வெளிவீதிக்கு வந்து கோயிலைச் சுற்றிப் போகும்போது, ஒரு மூலையில் நிற்பவருக்கு அது தொலைவில் தொடங்கி, நெருங்கி, முகத்துக்கு நேரே கடந்து, முதுகுப்புறம் போய் மறைகிறது. இவற்றையெல்லாம் இரண்டு சனலில் அடைத்துவிட்டு, பிறகு கேட்கும்போது "அந்த இடம் இதில் இல்லையே" என்று தோன்றியதால்தான் நான் சரவுண்ட் பக்கம் திரும்பினேன்.

நான் பயன்படுத்துவது நான்கு கப்சூல்கள் (ஒலியை வாங்கும் சிறு உணரிகள்) நான்முகி வடிவில் நெருங்கி அமைந்த ஒரு மைக். இந்த அமைப்பின் கணிதத்தை 1970களில் வகுத்தவர் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த மைக்கேல் கெர்சன். பீற்றர் கிறேவனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மைக்கின் வழிவந்தவையே இன்று கையடக்க ரெக்கோடர்களில்கூடக் காணப்படும் நான்கு கப்சூல் மைக்குகள். கப்சூல்களிலிருந்து நேரே வரும் நான்கு சமிக்ஞைகளை ஏ-ஃபோர்மற் என்பார்கள். புரொசெசர் (சனல்களைக் கணக்கிட்டு மாற்றும் கருவி அல்லது மென்பொருள்) அவற்றைக் கூட்டியும் கழித்தும் பி-ஃபோர்மற் ஆக்குகிறது: எத்திசையிலிருந்தும் வரும் ஒலியைச் சமமாக ஏந்தும் டபிள்யூ, முன்பின் வேறுபாட்டைச் சொல்லும் எக்ஸ், இடவல வேறுபாட்டைச் சொல்லும் வை, மேல்கீழ் வேறுபாட்டைச் சொல்லும் இசட். அந்த நான்கிலிருந்துதான் ஐந்து ஸ்பீக்கருக்கும் (முன்னே நடு, இடம், வலம்; பின்னே இரண்டு) உரிய சனல்கள் பிறக்கின்றன; அப்படிப் பிரித்தெடுப்பதை டிகோட் செய்தல் என்பார்கள்.

இந்தக் கணக்கில் எக்ஸ், வை, இசட் மூன்றுமே கழித்தலால் வருபவை. இரண்டு கப்சூல்களின் கூட்டிலிருந்து மற்ற இரண்டின் கூட்டைக் கழிக்கும்போது, ஒரு கப்சூலின் கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) மட்டும் 1 டெசிபெல் கூடியிருந்தால் அந்தச் சமிக்ஞை ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு பெருத்து நிற்கும். கழித்த பின் எஞ்சக்கூடாத ஒன்று எஞ்சும். நேர் முன்னே இருக்கும் ஒலி சற்றே பக்கவாட்டில் சாய்ந்து, சற்றே மேலேயும் ஏறிக் கேட்கும். ஆகையால் ரெக்கோடரில் நான் திறக்கும் முதல் அமைப்பு கெயின் இணைப்பு. நான்கு சனலையும் ஒரே குமிழுக்குக் கட்டிப்போட்டுவிட்டு, அதன் பின்னரே மட்டம் பார்க்கிறேன். இணைப்பு வசதி இல்லாத ரெக்கோடரில், சுழலும் குமிழைக் கண் மதிப்பில் வைப்பதை ஏற்கவே முடியாது. எண்ணால் காட்டும் டிஜிற்றல் கெயின் உள்ள ரெக்கோடரைத் தேடிக்கொள்வதே நல்லது.

மட்டத்தைப் பொறுத்தவரை, உச்சங்கள் முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி வைத்தால் போதும். 24 பிற் பதிவின் கோட்பாட்டு வீச்சு ஏறத்தாழ 144 டெசிபெல். அடியில் அவ்வளவு இடம் இருக்கும்போது மேலே நெருக்கிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

அடுத்தது வலம் வருதல். பதிவு தொடங்கியதும் மைக்குக்கு நேர் முன்னே ஏறக்குறைய இரண்டு மீற்றர் தள்ளி நின்று "முன்" என்று சொல்லிக் கைதட்டுகிறேன். பிறகு கோயிலை வலம் வருவது போல மைக்கைச் சுற்றி நடந்து, "வலம்", "பின்", "இடம்" என்று ஒவ்வொரு திசையிலும் சொல்லித் தட்டி, மீண்டும் முன்னே வந்து சேர்கிறேன். கடைசியில் கையை உயர்த்தி மைக்குக்கு மேலே ஒரு தட்டு. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சடங்குதான் பின்னால் வரும் எல்லா அமைப்புகளுக்கும் உரைகல். புரொசெசரில் எதை மாற்றினாலும் இந்த வலத்தை முதலில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். குரல் வட்டமாக, ஒரே சீராக, ஒரே உயரத்தில் சுற்றினால் அமைப்பு சரி. எங்கேனும் குரல் தாவினால், ஓரிடத்தில் மங்கினால், எதிர்த்திசையில் ஓடினால், மைக் எந்த நிலையில் நிற்கிறது என்ற அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டுப் புரொசெசருக்கு நிமிர்ந்து நிற்பதாகச் சொன்னால் இடமும் வலமும் மாறும், மேலும் கீழும் மாறும். கோயில் மண்டபத்தில் மைக்கை மேலிருந்து தொங்கவிடுவது வழக்கம் என்பதால் இது அடிக்கடி நேர்வது.

அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது பி-ஃபோர்மற்றின் வரிசைக் குழப்பம். ஃபியூமா என்ற பழைய வழக்கில் நான்கு சனல்களும் டபிள்யூ, எக்ஸ், வை, இசட் என்ற வரிசையில் நிற்கின்றன. அம்பிஎக்ஸ் என்ற இன்றைய வழக்கில் டபிள்யூ, வை, இசட், எக்ஸ். கோப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே நான்கு சனல்தான். அம்பிஎக்ஸ் கோப்பை ஃபியூமா என்று புரொசெசருக்குச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கடற்கரைப் பதிவொன்றை வைத்துக் காட்டினால் எளிதில் விளங்கும். மைக் கடலை நோக்கி நிற்கிறது, இடப்புறம் ஒரு குழுவும் வலப்புறம் ஒரு குழுவும் கரைவலை இழுக்கின்றன, மேலே காகங்கள். தவறான வரிசையில் இடக்குழு முன்னே வந்துவிடும், வலக்குழு பின்னே போய்விடும், காகங்கள் இடப்பக்கம் இறங்கும். முன்னே இருந்த கடல் உயரத்துக்குரிய இசட்டில் போய் விழும். ஐந்து ஸ்பீக்கருக்கு டிகோட் செய்யும்போது உயரம் கணக்கில் வராது என்பதால் கடலுக்குத் திசையே இல்லாமற்போய், எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே இரைச்சலாகப் பரந்துவிடும். போதாக்குறைக்கு ஃபியூமாவில் டபிள்யூ 3 டெசிபெல் தணித்து வைக்கப்படுவது. அந்தத் தணிப்பு இல்லாத அம்பிஎக்ஸ் கோப்பில் டபிள்யூ மிஞ்சி நிற்பதால் எஞ்சிய திசையுணர்வும் குன்றும். கேட்பவர் "பதிவு தெளிவில்லை" என்பார். உண்மையில் பதிவில் குறையே இருக்காது. வலம் வந்த குரல் இருந்தால் இரண்டு செக்கனில் பிடித்துவிடலாம்: "முன்" என்ற சொல் முன்னிருந்து வராது.

டிகோட் செய்த பின்னும் இதே வகைக் குழப்பத்துக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. ஐந்து சனலோடு அடியொலிக்கான எல்.எஃப்.ஈ. என்ற ஒன்றும் சேர்ந்த 5.1 கோப்புகளைத் திரைப்படத் துறையினர் இடம், நடு, வலம், பின்னிடம், பின்வலம், எல்.எஃப்.ஈ. என்று அடுக்குவது வழக்கம். கணினியின் வேவ் கோப்பு எதிர்பார்ப்பது இடம், வலம், நடு, எல்.எஃப்.ஈ., பின்னிடம், பின்வலம். முதலாவதை இரண்டாவதாக வாசித்தால் நடுவும் வலமும் இடம் மாறுவதோடு நில்லாமல், பின்னிடத்து ஒலி முழுவதும் அடியொலிக்கான ஸ்பீக்கராகிய சப்வூஃபருக்குள் போய்ப் புதைந்து அதன் அடிமுழக்கம் மட்டும் கேட்கும். பின்வலத்து ஒலி பின்னிடத்தில் எழும். பின்வல ஸ்பீக்கர் ஏறத்தாழ ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் பழுது என்று கழற்றிப் பார்ப்பதற்கு முன் கோப்பின் வரிசையைப் பாருங்கள்.

இப்போது டிகோடரின் உள்ளே. இங்கேதான் அமைப்புகள் மிகுதி. இங்கேதான் நிதானமும் வேண்டும். ஐந்து ஸ்பீக்கர்களின் இடங்களை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.ரீ.யூ.வின் பி.எஸ்.775 பரிந்துரை வகுத்திருக்கிறது: நடு நேர் முன்னே, இடமும் வலமும் 30 பாகையில், பின்னிரண்டும் 100 முதல் 120 பாகைக்குள். டிகோடரோ ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு கற்பனை மைக்கை உருவாக்கி, அது எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும், எவ்வளவு குறுகலாகக் கேட்க வேண்டும் என்று நம்மைக் கேட்கிறது. ஸ்பீக்கர் 30 பாகையில் இருக்கிறதே என்று கற்பனை மைக்கையும் 30 பாகையில் திருப்பி வைப்பது இயல்பாகத் தோன்றும். கணக்கைப் போட்டால் அதன் குறை தெரியும். இருதய வடிவில் கேட்கும் மைக் (முன்னிருந்து முழுதாகவும் பக்கங்களில் குறைவாகவும் வாங்கி, நேர் பின்னே கேளாதது) தன் அச்சிலிருந்து 60 பாகை விலகிய ஒலியை வெறும் 2.5 டெசிபெல்தான் குறைத்து வாங்குகிறது. ஆகவே வல ஸ்பீக்கரின் திசையில் நிற்கும் மனிதரின் குரல் இட ஸ்பீக்கரிலும் ஏறக்குறைய அதே வலிமையில் கேட்கும்; முன்புறம் முழுவதும் நடுவில் குவிந்து சுருங்கிவிடும். இடத்தையும் வலத்தையும் 45 பாகைக்கு விரித்தால் இரண்டுக்கும் இடையே 90 பாகை கிடைத்து வேறுபாடு 6 டெசிபெல் ஆகிறது. முன்புறம் மூச்சுவிடத் தொடங்குகிறது. பின்னிரண்டை 120இல் வைத்தால் நேர் முன்னே உள்ள கடல் அவற்றுக்குள் 12 டெசிபெல் குறைந்து வரும். 135க்குத் தள்ளினால் ஏறத்தாழ 17 டெசிபெல் குறையும். ஸ்பீக்கரின் கோணம் வேறு, கற்பனை மைக்கின் கோணம் வேறு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் டிகோடரின் பாதிப் பக்கங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

நடுச் சனலை நான் சிக்கனமாகவே பயன்படுத்துகிறேன். அது திரைப்பட உரையாடலைத் திரையோடு கட்டிவைக்க வந்தது. கடற்கரையையும் வீதியையும் பதியும்போது, இடத்துக்கும் வலத்துக்கும் பொதுவான ஒலியே நடுவிலும் வருகிறது. அதை முழு மட்டத்தில் விட்டால் முன்புறம் மீண்டும் குறுகும். ஆகவே மற்றவற்றைவிட 6 டெசிபெல் தாழ்த்தி வைக்கிறேன். சில பதிவுகளில் வெறுமையாகவே விட்டுவிடுகிறேன். ஒரு சனலை வெறுமையாக விடுவது கருவியை வீணாக்குவதாகாது.

கோணங்களும் மட்டங்களும் சரியா என்று அறிய, வலம் வந்த குரலுக்கு அடுத்தபடியாக எனக்கு உதவுவது கரைவலைதான். தோணி வலையை அரைவட்டமாக வளைத்து வந்த பிறகு இரண்டு குழுக்கள் கரையில் வெகுதூரம் தள்ளித்தள்ளி நின்று கயிற்றை இழுக்கத் தொடங்குகின்றன. வலை நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, மீன் சேரும் பையான மடி கரையேறும் இடத்தில் சந்திக்கின்றன. கையால் இழுக்கும் இடங்களில் வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலும் ஏலோலமும் இரு பக்கமிருந்தும் எழுந்து முன்னே வந்து கலக்கும். டிராக்டர் இழுக்கும் இடங்களில் அந்தக் குரல்கள் கிடைப்பதில்லை. அதனாலேயே இன்னும் கையால் இழுக்கும் கரைகளை இப்போதே பதிந்துவைக்க வேண்டும் என்று கருதுகிறேன். இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நெருங்குவதால், சனல் மட்டங்களில் சமன் குலைந்திருந்தால் ஒரு குழு விரைந்து ஓடிவருவதாகவும் மற்றது நின்ற இடத்திலேயே நிற்பதாகவும் கேட்கும். எந்த அளவுகோலும் இவ்வளவு தெளிவாக அதைக் காட்டாது. மைக்கை எங்கே நாட்டுவது என்பதை, வலை இழுப்பை நடத்தும் மண்டாடியிடம்தான் கேட்க வேண்டும். "தம்பி, கயிறு வாற வழியில நிக்காதையுங்கோ. நீரோட்டத்தோட வலை வடக்க இழுபடும், மடி எங்க ஏறும் எண்டு நான் காட்டுறன், அங்க வையுங்கோ" என்று ஒருமுறை ஒரு மண்டாடி ஐயா சொல்லி, நான் நினைத்திருந்த இடத்துக்கு வெகுவாக வடக்கே கையைக் காட்டினார். மடி அங்கேதான் ஏறியது.

இனிக் காற்று. ஆனி, ஆடியில் இங்கே கச்சான் வீசும். அது தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று. கடலைப் பார்த்து நிற்கும் மைக்கின் முதுகில் அது அறைவதால் பின்புறக் கப்சூல்களில் மட்டும் அடிமுழக்கம் ஏறுகிறது. மாரியில் வாடைக்காற்றுக் கடலிலிருந்து வரும்போது முன்புறக் கப்சூல்கள் அந்த அடியை வாங்குகின்றன. பாதிக்கப்பட்ட இரண்டு சனலுக்கு மட்டும் தாழ்மீடிறன் வடிகட்டியைப் போடலாமே என்று எவருக்கும் தோன்றும். செய்யக்கூடாது. வடிகட்டி தாழ்ந்த மீடிறன்களைக் குறைப்பதோடு, வெட்டும் மீடிறனை ஒட்டிய பகுதியில் அவத்தையையும், அதாவது அலை ஏறி இறங்கும் நிலையையும், நகர்த்துகிறது. இரண்டு கப்சூலின் அவத்தை நகர்ந்து இரண்டினது நகராமல் நின்றால், அவற்றைக் கழித்து வரும் எக்ஸ், வை, இசட் மூன்றும் அந்த மீடிறன்களில் பொய் சொல்லும். தவிலின் இட முகமான தொப்பி ஒரு திசையிலும் அதன் வலந்தலை வேறொரு திசையிலும் கேட்கும். வடிகட்டி வேண்டுமென்றால் நான்குக்கும் ஒரே மீடிறனில், ஒரே சரிவில் போடுங்கள். நான் 80 ஹேர்ட்ஸில் வைக்கிறேன். அதற்கும் முன்னால் நல்ல மயிர்க் காற்றுறை ஒன்றை மைக்குக்கு அணிவியுங்கள். காற்றை வடிகட்டியால் வெல்ல முடியாது.

உப்புக்காற்றைப் பற்றியும் இரண்டு வரி. ஈரம் ஏறிய கொண்டென்சர் கப்சூல் பொரியும் ஒலி எழுப்பும். நான்கில் ஒன்று பொரிந்தால் புரொசெசர் அதை எல்லாச் சனலுக்கும் பங்கிட்டுவிடும். மைக்கை ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்து, குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கரைக்குக் கொண்டுபோகாமல் சற்று நேரம் வெளிவெப்பத்துக்குப் பழகவிட்ட பின்னரே மின் கொடுக்க வேண்டும்.

மேளம் பதியும்போது, எல்லை மீறும் உச்சங்களைத் தானாக அமுக்கும் லிமிற்றர் என்ற அமைப்பு முன்னுக்கு வருகிறது. மேளம் வெளிவீதியில் இடப்புறமிருந்து நெருங்கும்போது தவிலின் உச்சங்கள் முதலில் இடப்புறச் சனல்களைத்தான் எட்டும். லிமிற்றர்கள் தனித்தனியே இயங்கினால் இடப்புறம் மட்டும் அமுக்கப்பட்டு, ஒவ்வொரு அடியிலும் மேளம் வலப்புறமாகத் துள்ளி மீளும். ஒரு சனல் உச்சத்தைத் தொட்டாலும் எல்லாச் சனலும் ஒரே அளவில் குறையும்படி லிமிற்றர்களையும் இணைத்துவைக்க வேண்டும். இணைக்க முடியாத கருவியானால் அணைத்துவிட்டு, கெயினை இன்னும் தாழ்த்தி வைப்பதே மேல்.

மண்டபத்துக்குள் நாதஸ்வரத்துக்கு அருகில் தனி மைக் ஒன்றும் வைப்பதுண்டு. அப்போது தாமத அமைப்பு தேவைப்படும். காற்று 30 பாகை செல்சியஸில் இருக்கும்போது ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்கிறது. நான்கு கப்சூல் மைக் கலைஞரிலிருந்து 8 மீற்றர் தள்ளி நின்றால் அதை ஒலி வந்தடைய ஏறத்தாழ 23 மில்லிசெக்கன் ஆகும். தனி மைக்கிலோ அது உடனே வந்துவிடுகிறது. முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்பும் என்பதை ஹெல்மூட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வில் காட்டினார். தாமதம் கொடுக்காமல் தனி மைக்கை ஏற்றினால், எவ்வளவு மெல்ல ஏற்றினாலும் நாதஸ்வரம் மண்டபத்தை விட்டுக் கழன்று முகத்தருகே வந்து ஒட்டிக்கொள்ளும். தனி மைக்குக்கு அந்த 23 மில்லிசெக்கனையும் அதற்கு மேல் இன்னும் சிலவற்றையும் கொடுத்தால் தெளிவு கூடும், இடம் மாறாது. தூரத்தை அளக்கத் தையற்காரரின் நாடா போதாது, கட்டட வேலைக்கான நீள நாடாவைக் கொண்டுபோங்கள்.

எல்.எஃப்.ஈ. சனலைப் பற்றி நிலவும் குழப்பம் பெரியது. 5.1இல் உள்ள அந்த .1 தாழ்ந்த மீடிறன்களுக்கு மட்டும், 120 ஹேர்ட்ஸ் வரை, ஒதுக்கப்பட்ட தனிச் சனல். சிறிய ஸ்பீக்கர்களால் தாங்க முடியாத அடியொலியை, வழமையாக 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, சப்வூஃபருக்குத் திருப்பிவிடுவது புரொசெசரின் வேறொரு வேலை. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து ஒலிப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். தவிலின் கனம் ஐந்து சனல்களிலேயே இருக்கிறது, அதை எல்.எஃப்.ஈ.க்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் சப்வூஃபரில் அது இருமடங்காகிறது. எல்.எஃப்.ஈ. மற்றச் சனல்களைவிட 10 டெசிபெல் ஏற்றி ஒலிக்கப்பட வேண்டியது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த 10 டெசிபெல்லைப் புரொசெசரும் ஏற்றி அம்ப்ளிஃபயரும் ஏற்றினால் வீடு அதிரும். இரண்டும் ஏற்றாமல் விட்டால் சனல் இருப்பதே தெரியாது. என் கடற்கரைப் பதிவுகளில் எல்.எஃப்.ஈ. வெறுமைதான். அலையின் அடிமுழக்கம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மைக்கில் மோதிய காற்று.

இவ்வளவும் செய்த பிறகு கேட்கும் அறை பொய் சொன்னால் எல்லாம் வீண். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் பிங்க் நொய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் காதின் உயரத்தில் ஒலிமானியை வைத்து, அதன் சி நிறை (சி-வெயிற்றிங்), மெதுவான வாசிப்பு என்ற அமைப்புகளில் ஐந்தும் ஒரே எண்ணைக் காட்டும்வரை மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கைப்பேசிச் செயலியே போதும். அது காட்டும் எண் உண்மையா என்பது முக்கியமில்லை, ஐந்துக்கும் ஒன்றாக இருப்பதே முக்கியம். மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். திரையரங்குக் கலவைக் கூடங்களில் முன் ஸ்பீக்கர்கள் 85 டெசிபெல்லுக்கும் பின்புறச் சனல்கள் ஒவ்வொன்றும் 82க்கும் அமைக்கப்படுகின்றன; வீட்டிலோ எல்லாம் சமம். ஆகவே திரையரங்குக்கெனக் கலந்ததை வீட்டுக்குக் கொண்டுவரும்போது பின்னிரண்டையும் 3 டெசிபெல் இறக்க வேண்டும். எங்கள் வீடுகளின் விறாந்தைகளில் பின் ஸ்பீக்கரைச் சுவரோரம் நெருக்கி வைக்கத்தான் இடமிருக்கும். முன்னவை இரண்டரை மீற்றரிலும் பின்னவை ஒன்றரை மீற்றரிலும் இருந்தால், அந்தத் தூரங்களைப் புரொசெசரில் உள்ளபடியே பதியுங்கள். அது பின்னவற்றை ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன் தாமதித்துச் சமன்செய்துவிடும்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் இரண்டு காதுப்பொறியோடு கேட்பவர்கள் என்பதை மறப்பதற்கில்லை. 5.1 அங்கே ஸ்டீரியோவாகக் கலக்கப்படும்போது வழக்கமான கணக்கு, நடுவை 3 டெசிபெல் குறைத்து இருபுறமும் சேர்ப்பது, பின்னிரண்டையும் 3 டெசிபெல் குறைத்து அந்தந்தப் பக்கம் சேர்ப்பது, எல்.எஃப்.ஈ.யைக் கைவிடுவது. பின்னே இருந்த வீதி இரைச்சல் இப்போது முன்னே வந்துவிடும். ஐந்து ஸ்பீக்கரில் இதமாக இருந்த முச்சக்கரவண்டி, காதுப்பொறியில் அம்பாக் குரலின் மேலேயே ஏறிப் போகும். ஆகவே பின்புறத்தின் மட்டத்தை இரண்டு கேட்டலிலும் ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்கிறேன். ஒரு கப்சூல் கூட்டத்திலிருந்து பிறந்த சனல்கள் என்பதால் இந்தக் கலப்பில் அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. தள்ளித்தள்ளி நாட்டிய மைக்குகளில் அந்த ஆபத்து உண்டு.

எஞ்சியிருப்பது சுவாமி மலை. அங்கே பாறையின் விளிம்பருகே மைக்கை நாட்டினால் கோயில் மணி ஒருபுறம், காற்று ஒருபுறம், கடல் நேர் கீழே. ஐந்து ஸ்பீக்கருக்கு டிகோட் செய்யும்போது இசட் விலக்கப்படுவதால், கீழிருந்த கடல் தன் திசையை இழந்து நாலாபுறமும் பரவி, பாறையின் உயரமே பதிவிலிருந்து போய்விடுகிறது. உயர ஸ்பீக்கர்கள் சேர்ந்த 7.1.4 அமைப்பும் இதற்கு உதவாது, அதில் மேலே நான்கு உண்டே தவிரக் கீழே ஒன்றும் இல்லை. ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. வகுத்த 22.2 அமைப்பில் கீழ்த்தளத்துக்கு மூன்று சனல்கள் இருக்கின்றன, அவையும் முன்புறத்தில் மட்டும். இப்போதைக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி ஹெட்போனுக்கான பைனோரல் டிகோட். இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் விதத்தை எல்லாத் திசைக்கும் கணித்துத் தருவதால் அதில் கீழும் ஒரு திசையாக உயிர்த்திருக்கிறது. சுவாமி மலைப் பதிவுகளை ஏ-ஃபோர்மற்றிலேயே, வடிகட்டி எதுவும் படாமல் வைத்திருக்கிறேன். 48 கிலோஹேர்ட்ஸில் 24 பிற்றில் நான்கு சனலுக்கு மணிக்கு 2 கிகாபைற்றுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் மைக் நிமிர்ந்து நின்றதா தொங்கியதா, முன்திசை எது, நான்கின் பொதுக் கெயின் என்ன என்று ஒரு சிறு குறிப்பும் இருக்கிறது. கேட்க விரும்புகிறவர்களுக்கு முதலில் பைனோரல் பிரதியைத்தான் அனுப்புகிறேன். நல்ல ஹெட்போனில் கேட்கும்படியும், டிகோடர் வைத்திருப்பவரானால் இசட்டை அணைக்காமல் கேட்கும்படியும் சொல்லியே அனுப்புகிறேன்.